எட்டு நாற்காலி, ஒரு பாட்டு

அத்தியாயம் 9

அப்பா இன்னும் சட்டையை மாட்டவில்லை.

மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு அவர் டயாலிசிஸ் அறையில், எடை பார்க்கும் கருவி மேல் நின்றிருக்க வேண்டும். தேய்த்த அரைக்கைச் சட்டை கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவோ பனியனோடு சோபாவில் உட்கார்ந்து, காலையிலேயே படித்து முடித்த செய்தித்தாளை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து வாங்குகிற பிழைப்பு அவருக்கு மூன்று வருடமாக. ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் கடைசி மூன்று தடவையும், ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே ஊசியை எடுக்கச் சொல்லி எழுந்து வந்துவிட்டார். 'இப்படி அரைகுறையாகப் பண்ணிக்கொண்டால் மூச்சு முட்டும், அப்புறம் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் பார்த்துக்கொள்வோம்' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏன் எழுந்தார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி எழும்பவே நேரமானது.

"அப்பா, நேரமாச்சு" என்றாள் இளையவள்.

"போகணுமான்னு பாத்துட்டிருக்கேன்."

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

இளையவளுக்கு வீட்டில் பெயர் திருப்புளி. ஏழு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டும்போது இரண்டு திருகாணிகளை மிச்சம் வைத்த நாளில் அண்ணன் சூட்டிய பட்டம். இன்றைக்கு அவள் மின்னணுக் கருவிகளை வடிவமைக்கிற வேலையில் இருக்கிறாள். திருகாணிகள் இப்போதும் மிச்சமாகின்றன என்று அண்ணன் சொல்வான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எந்த விவகாரமானாலும் ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும், அவ்வளவுதான் அவனுக்கு. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவன் வாசலில் நின்றான்.

"எல்லாம் உன் பாட்டுப் பெட்டியால வந்த வினை. அதை மாட்டறதுக்கு முன்னால அப்பா ஒழுங்கா நாலு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வந்தாரு."

"அதுக்கு முன்னால அங்க தினம் சண்டை நடந்துது, தெரியுமா உனக்கு?"

"சண்டைன்னா சண்டை. எங்க லிஃப்ட்ல பத்துப் பேர் ஏறிப் பத்து மாடி அழுத்தினாலும், அது பாட்டுக்கு நின்னு நின்னு போகும். யாருக்கு மனசுல என்ன இருக்குன்னா கேக்குது? உன் பெட்டி எதுக்கு இவ்வளவு யோசிக்கணும்?"

"லிஃப்ட்ல அவங்கவங்க மாடி வந்தா எறங்கிக்கலாம். அங்க எறங்க முடியாதுண்ணா. நாலு மணி நேரம் எட்டுப் பேரும் ஒரே பாட்டுக்குள்ளதான் இருந்தாகணும்."

பதில் இல்லாதபோது வேறு கதவைத் திறப்பது அவன் வழக்கம்.

"அப்பா அங்க போறது வைத்தியத்துக்கு. பாட்டு, பேச்சு, பக்கத்து நாற்காலி, இதெல்லாம் எதுக்கு?"

'பக்கத்து நாற்காலி' என்பதில் மட்டும் குரலைக் கொஞ்சம் அழுத்தினான். செய்தித்தாள் ஒரு அங்குலம் இறங்கியது. அப்பா மகனைப் பார்த்தார். பிறகு தாள் பழையபடி ஏறிக்கொண்டது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

திருப்புளி சட்டையை எடுத்து வந்து அப்பாவின் மடியில் வைத்தாள். "இன்னைக்கு நானும் லீவு போட்டுட்டேன். நாலு மணி நேரமும் உங்க பக்கத்துலயே இருக்கேன். பெட்டிதான் உங்களுக்கு இடைஞ்சல்னா சொல்லிடுங்க. சாயந்திரமே கழட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"பெட்டி மேல எனக்கென்ன கோவம்? நீ செஞ்சது."

"அப்ப யார் மேல கோவம்?"

அப்பா சட்டைக்குள் கையை விட்டார். பெண் ஆசையாகச் செய்ததைக் கழற்றிக்கொண்டு வருவாள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

*

"மூணு கிலோ ஏறியிருக்கு, டிரைவர் சார்" என்றார் பெரிய சிஸ்டர், எடைக் கருவியைக் குனிந்து பார்த்து.

"தண்ணியெல்லாம் அளந்துதான் குடிக்கறேன்."

"குடிச்ச தண்ணி இல்ல இது. கடைசி மூணு தடவையா எங்களுக்குக் குடுக்காம எடுத்துட்டுப் போன மூணு மணி நேரம்."

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர் என்பதால் அந்த அறையில் அவர் டிரைவர் சார். மூன்றாம் நாற்காலி அவருடையது. இரண்டாவதில் கட்டட கான்ட்ராக்டர். ஐந்தாவதில் வக்கீல். நாலாவதில், தோளில் சாம்பல் நிறச் சால்வையோடு, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். டீச்சரும் அப்பாவும் பேசிக்கொள்வது பெரும்பாலும் குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றித்தான். 'ஆறு எழுத்து, கடைசி எழுத்து ம்' என்று அவர் கேட்பார். அப்பா கூரையைப் பார்த்து யோசித்து, அரை மணி நேரம் கழித்துத் தப்பாக ஒன்று சொல்வார். டீச்சர் அதையும் கட்டத்துக்குள் போட்டுப் பார்ப்பார்.

ஊசி ஏறும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "மூணே காலுக்கு எடுத்துடுங்க சிஸ்டர்."

"நாலே காலுக்கு" என்றார் சிஸ்டர்.

"மூணே கால்."

திருப்புளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன்னுடைய பெட்டியை ஒருமுறை முறைத்தாள்.

முன்பெல்லாம் அந்த அறையில் ஒரே ஒலிபெருக்கி, ஒரே ரிமோட். சத்தமாகக் கேட்டவருக்குத்தான் பாட்டு. கான்ட்ராக்டருக்குத் தாளம் அதிர வேண்டும். வக்கீலுக்கு மயான அமைதி வேண்டும். இருவருக்கும் நடுவில் சிஸ்டர்கள் ரிமோட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். காதில் மாட்டிக்கொள்ளலாமே என்றால், இயந்திரம் எச்சரித்துக் கூவுவது கேட்காது என்று அதற்கு அனுமதி இல்லை. மூன்று வருடத்தில் அப்பா ஒரு பாட்டுகூடக் கேட்டு வாங்கியதில்லை. துணைக்கு வந்து உட்கார்ந்த நாட்களில் திருப்புளிக்கு உறுத்தியது அதுதான்.

அதனால்தான் இந்தப் பெட்டி. எட்டு நாற்காலிக்கும், ஊசி குத்தாத கைப்பக்கம், பாட்டில் மூடி அளவுக்கு ஒரு மெத்தென்ற பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் 'இருக்கட்டும்'. இரண்டு தடவை அழுத்தினால் 'மாற்று'. அப்படியே சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தாள். யாருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டு வாங்கிக் கலந்து போட்டாள். அப்பா 'எதுவானாலும் சரி' என்று சொல்லிவிட்டதால், அவர் பேருந்து ஓட்டிய காலத்தில் போட்ட பழைய பாட்டுகளை இவளே நினைவில் தோண்டிச் சேர்த்தாள்.

பெட்டிக்குள் இரண்டு விதிகள் வைத்திருந்தாள். எப்போதாவது ஒருமுறை அழுத்துகிறவரின் விருப்பத்துக்கு மதிப்பு அதிகம். சும்மா சும்மா அழுத்துகிறவருக்கு மதிப்பு குறைவு. இது ஒன்று. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் 'மாற்று'தான் ஜெயிக்கும். பிடிக்காததைச் சகித்துக்கொண்டு கிடப்பதைவிடப் பிடித்ததை இழப்பது மேல் என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது.

கூடவே எட்டுப் பேருக்கும் ஒரு வாக்கு கொடுத்திருந்தாள். யார் எதை அழுத்தினார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நான் உள்பட. பழுது பார்ப்பதற்காகப் பெட்டி எல்லாவற்றையும் குறித்து வைக்கத்தான் செய்தது. ஆனால் இந்த இரண்டு வாரத்தில் அவள் அதைத் திறந்ததில்லை.

*

முதல் இரண்டு மணி நேரம் எந்த விபரீதமும் இல்லை. கான்ட்ராக்டர் பொத்தானைக் கொசு அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தார். பெட்டி அவரைக் கொசுவாகவே நடத்தியது. வக்கீல் தூங்கிப் போனார். டீச்சர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

இரண்டரை மணிக்கு அந்தப் பாட்டு வந்தது. புல்லாங்குழலில் ஆரம்பிக்கிற பழைய பாட்டு. மலைப்பாதையில், முதல் கியரில், பேருந்து முக்கி முனகி ஏறுகிற இடத்தில் அப்பா போடுகிற பாட்டு. பள்ளி விடுமுறையில் அந்தப் பேருந்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள் திருப்புளி.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி தளர்ந்தது. போர்வைக்கு அடியில் கால் பெருவிரல் ஆட ஆரம்பித்தது. இடது கை மெதுவாகப் பொத்தானைத் தேடியது.

டிக், டிக்.

பாட்டு நின்றது. அடுத்த கணம் வேறு ஏதோ ஒன்று ஆரம்பித்தது. அப்பாவின் பெருவிரலும் நின்றுபோனது.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"எதைப்பா?"

"இதான். ஒவ்வொரு தடவையும் இதேதான்." பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வருஷமா இவங்களோட உக்காந்திருக்கேன். நல்லாத்தான் பேசறாங்க, சிரிக்கறாங்க. ஆனா என் பாட்டு வந்தா அரை நிமிஷம்கூட விட மாட்டேங்கறாங்க. நேருக்கு நேர்னா சொல்ல மாட்டாங்க. பட்டன்னா யார்னு தெரியாது பாரு, மனசுல இருக்கறது வெளிய வந்துடுது. அம்பது அறுபது பேரை ஏத்திட்டு ஓட்டினவன் நான். எவனும் பாட்டை நிறுத்துன்னு சொன்னதில்ல. கடைசி ஒரு மணி நேரம் எனக்கு இங்க உக்காரவே கூச்சமா இருக்கும்மா. வேண்டாத வீட்ல சாப்பிட உக்காந்த மாதிரி."

இவ்வளவு நீளமாக அப்பா பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் அவள் கண்ணெதிரே நடந்தது வேறு.

"அப்பா, நீங்கதானே மாத்தினீங்க?"

"நானா? நான் போகட்டும்னுல்ல அடிச்சேன்?"

"ரெண்டு தடவை அழுத்தினீங்களே?"

"ஆமா." இதிலென்ன சந்தேகம் என்பதுபோல் பார்த்தார். "ஒரு மணி அடிச்சா நிறுத்து. ரெண்டு மணி அடிச்சா போகலாம்."

திருப்புளி வாயைப் பிளந்தாள்.

முப்பத்திரண்டு வருடம். கண்டக்டர் ஒரு மணி அடித்தால் பிரேக், இரண்டு மணி அடித்தால் கியர். தூக்கத்தில் அடித்தாலும் அந்தக் கால் சரியாக மிதிக்கும். அப்படிப்பட்டவரிடம், ஒன்று என்றால் இருக்கட்டும், இரண்டு என்றால் மாற்று என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். பெட்டியை மாட்டின அன்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னபோது, 'எனக்குத் தெரியாதா, மணி அடிக்கிற விஷயம்தானே' என்று அப்பா தலையாட்டியது இப்போது ஞாபகம் வந்தது. அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அதோடு விட்டதா? அப்பா அழுத்துவதே அபூர்வம். பிடித்த பாட்டு வந்தால் மட்டும்தான். அபூர்வமாக அழுத்துகிறவருக்கு மதிப்பு அதிகம். வாய்விட்டுக் கேட்கத் தெரியாத மனிதருக்காகவே யோசித்துப் போட்ட விதி, அவர் பாட்டைத் தேடித் தேடி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரைக் கேட்டு அப்படி ஒரு விதி போட்டோம் என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் சொல்லச் சொல்ல அப்பா முதலில் நம்பவில்லை. சுவரைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி மறுபடி பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். கை அசைந்து இயந்திரம் கூவ, சிஸ்டர் ஓடி வந்தார்.

"டிரைவர் சார்! கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தப்புதான் சிஸ்டர். ராங் சைடுல வந்துட்டேன்."

சிஸ்டர் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப இவங்க யாரும் மாத்தலையா?"

"யாரும் மாத்தலப்பா."

"பாவம் பாத்துச் சொல்றியா?" மணியைப் பார்த்தார். மூன்று ஆகப் பத்து நிமிடம். "நான் அடிச்சேன், சரி. கூடச் சேந்து இன்னும் நாலு பேர் அடிச்சிருந்தா உனக்கெப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அவளுக்குத் தெரியாதுதான். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அவள் மடிக்கணினியைத் திறந்து, திறக்க மாட்டேன் என்று எட்டுப் பேரிடமும் சொல்லியிருந்த பதிவைத் திறந்தாள். விரல் கொஞ்சம் தயங்கியது. அப்பாவின் கணுக்காலைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது.

இரண்டு வாரத்தில் அப்பாவின் பாட்டுகள் பதினாலு தடவை வந்திருந்தன. கான்ட்ராக்டர் அப்போதெல்லாம் கையைக்கூட வைக்கவில்லை. வக்கீலும் இல்லை. மற்றவர்களும் இல்லை. பதினாலு தடவையும் மூன்றாம் நாற்காலியிலிருந்து இரட்டை அழுத்தல். பதினாலு தடவையும், அதற்கு ஒரு நொடி முன்னால், வேறொரு நாற்காலியிலிருந்து ஒற்றை அழுத்தல். இருக்கட்டும். அந்த நாற்காலி இரண்டு வாரத்தில் வேறெந்தப் பாட்டுக்கும் பொத்தானைத் தொட்டதே இல்லை.

ஒவ்வொரு தடவையும் இரண்டும் சமமாக நின்றிருக்கின்றன. சமமானால் மாற்று ஜெயிக்கும் என்று எழுதியவள் இவள்தான்.

திருப்புளி மடிக்கணினியை மூடினாள்.

"யாருக்கும் உங்க பாட்டு மேல வெறுப்பு இல்லப்பா. நெறைய பேருக்கு அக்கறையே இல்ல, அதுதான் உண்மை. ஆனா ஒருத்தர் இருக்காங்க. பதினாலு தடவையும் வேணும்னு அழுத்தியிருக்காங்க. உங்க பாட்டுக்கு மட்டும்."

அப்பா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பாக்க மாட்டேன்னும்தானே குடுத்தே?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஆமாம்பா. அது தப்புதான். பாதி வாக்கையாவது காப்பாத்தறேன்."

மூன்றே காலுக்குச் சிஸ்டர் தட்டோடு வந்து நின்றார். பஞ்சு, பிளாஸ்திரி, கையுறை எல்லாம் தயார். "எடுத்துடலாமா டிரைவர் சார்? சொன்னாக் கேக்கவா போறீங்க?"

அப்பா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே சிஸ்டர். அதுக்குள்ள என்ன அவசரம்?"

சிஸ்டர் திருப்புளியைப் பார்த்தார். திருப்புளி வேறெங்கோ பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, அதனால்.

நாலு மணிக்கு அப்பாவின் இன்னொரு பாட்டு வந்தது. அப்பா பொத்தானைத் தொடாமல் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திருப்புளி குனிந்து, பெட்டியில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரியில், 'முதலில் கேட்டுக்கொள், பிறகு விதி போடு' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அப்பா தலையை லேசாக வலது பக்கம் திருப்பி இருந்தார். பாட்டு கடைசி வரை ஓடியது.

*

ஊசி எடுத்த இடத்தில் அப்பா பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெரிய சிஸ்டர் திருப்புளியை மேசைப் பக்கம் கூப்பிட்டார்.

"மூணு கிலோவும் எறங்கிடுச்சு. பெட்டி இருக்கட்டும்மா. அந்த ஒண்ணு ரெண்டை மட்டும் எப்படியாவது சரி பண்ணு."

"சரி சிஸ்டர். இனிமே இருக்கட்டும்னா ஒரு பட்டன், மாத்தணும்னா வேற பட்டன். யாரும் எண்ண வேணாம்."

"அப்புறம் திங்கக்கிழமை வரும்போது நாலாம் நம்பர் பட்டனையும் பாக்கணும் நீ. அந்த நாற்காலிக்கு ஆள் மாறுது. டீச்சர் காலை ஷிஃப்டுக்குப் போறாங்க."

"டீச்சரா? அவங்களே கேட்டாங்களா?"

"இல்ல, அவங்க பையன் நேத்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. டீச்சர்கிட்ட நான் இன்னும் பேசல." சிஸ்டர் கோப்பை மூடினார். "கூட உங்க அண்ணனும் வந்திருந்தாரே. உனக்குத் தெரியாதா?"

திருப்புளி அறைக்குள் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார். ஏழு எழுத்தாக இருக்க வேண்டும், அப்பா விரல் விட்டு எண்ணினார்.

வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்க அவள் கையை நீட்டினாள். அப்பா அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"யாருன்னு நீ சொல்ல வேணாம்மா. வாக்கு வாக்குதான்."

"சரிப்பா."

"ஆனா..." சட்டைப் பொத்தானை இல்லாத தூசிக்காகத் துடைத்தார். "பெட்டியைச் சரி பண்ணும்போது நாலாம் நம்பர் நாற்காலியை மட்டும் எடம் மாத்திட வேணாம்னு சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை."

தனக்கென்று அப்பா வாயைத் திறந்து ஒன்று கேட்டது, அவளுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.